கொயினா வரிசையிலிருந்து மருந்தியல் சிறப்புப் பட்டம் வரை



எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவரும் ஒவ்வோர் ஆண்டும் நம் புக்கிட் ரோத்தான் வட்டாரத்துப் பெற்றோர் சிலர் என்னிடம் ஒரு வினாவைக் கேட்பதுண்டு. “சார், டாக்டருக்கு இடம் கிடைக்காது போல இருக்கிறது. பிள்ளை பார்மசியாவது படிக்கட்டுமா?” என்பதே அது. வினாவில் குற்றம் ஏதுமில்லை. ஆனால், அதிலுள்ள ‘ஆவது’ என்னும் இடைச்சொல்தான் என்னைச் சிந்திக்க வைக்கிறது. மருந்தியல் என்பது மருத்துவத்தின் வாயிலில் திருப்பி அனுப்பப்பட்டோர் ஒதுங்கும் திண்ணை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. தோட்டத்தில் நம் முன்னோர் மருந்து உண்ட வரலாற்றை அறிந்தவர் அவ்வாறு எண்ணமாட்டார். அந்த வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளை ஆசிரியர்கள் அறிவீர்கள். நோயாளி, மருத்துவர், மருந்து, அம்மருந்தை உடனிருந்து செய்தளிப்பவர் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துக் காட்டுகிறார் வள்ளுவர். நான்காமவரை மற்ற மூன்றோடு ஒத்த நிலையில் வைத்தே எண்ணுகிறார். நம் தோட்டப்புறத்தில் முதல் மூன்று கூறுகளும் ஏதோ ஒரு வகையில் இருந்தன. நான்காமவர் எப்போது வந்தார், எவ்வாறு வந்தார் என்பதுதான் வினா.

கடலோரச் சமவெளியும் காய்ச்சலும்

கிள்ளானிலிருந்து ஜெராம் வழியாகக் கோல சிலாங்கூர் செல்லும் சாலையில் இன்று பயணம் செய்வோர் இருபுறமும் செம்பனையையும் புதிய குடியிருப்புகளையும் காண்பர். நூறாண்டுகளுக்கு முன்னர் இது சதுப்பும் காடுமாகக் கிடந்த கடலோரச் சமவெளி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கித்தா விலை ஏறியபோது இக்காடுகள் வெட்டப்பட்டுத் தோட்டங்களாயின. தமிழகத்திலிருந்து வந்த நம் மக்கள் லயங்களில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களை எதிர்கொண்ட முதற்பகை மலேரியாக் காய்ச்சல்.

அனோபிலிஸ் கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கான சான்றை 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்ட் ரோஸ் கண்டறிந்தார். அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1901இல், மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளானுக்கு அரசு மருத்துவராக வந்து சேர்ந்தார். அவ்வாண்டிலேயே திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) காய்ச்சலால் நிலைகுலைந்தது. வாட்சன் காட்டை அழித்து, வடிகால் வெட்டி, தேங்கிய நீரை வெளியேற்றச் செய்தார். கிள்ளான் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட மலேரியா நோயாளிகளின் கணக்கு அவருடைய பணியின் விளைவைக் காட்டும். 1901இல் கிள்ளான் நகரத்திலிருந்து வந்தோர் 334 பேர். 1905இல் 12 பேர் மட்டுமே. துறைமுகத்திலிருந்து வந்தோர் 188இலிருந்து 11ஆகக் குறைந்தனர்.

இதுவரை மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் அதே அட்டவணையில் மூன்றாவது வரி ஒன்றுண்டு. மாவட்டத்தின் ஏனைய பகுதிகளிலிருந்து வந்த மலேரியா நோயாளிகள் 1901இல் 197 பேர். 1905இல் 353 பேர். நகரத்தில் காய்ச்சல் ஏறத்தாழ ஒழிந்த அதே ஐந்தாண்டில், புதிய தோட்டங்கள் எழுந்துகொண்டிருந்த புறப்பகுதிகளில் அது பெருகியிருக்கிறது. அந்த 353 பேருள் நம்மவர் எத்துணைப் பேர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாட்சன் பின்னாளில் கிள்ளான், கோல லங்காட், கோல சிலாங்கூர் ஆகிய கடலோரப் பகுதித் தோட்டங்களுக்கும் தம் பணியை விரிவாக்கி, 1911இல் அதனை ஒரு நூலாகவே எழுதி வெளியிட்டார்.

பெரட்டில் கொடுத்த கசப்பு

வடிகால் வெட்டுவதற்குக் காலமும் பணமும் வேண்டும். அதுவரை தோட்டங்களுக்கு இருந்த ஒரே கருவி கொயினா. விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, கொயினாவைக் கொடுத்து, கண்முன்னே விழுங்க வைக்கும் வழக்கம் அன்று மலாயாத் தோட்டங்களில் இருந்தது. வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு பின்னர்த் துப்பிவிடுவார்கள் என்ற ஐயத்தாலேயே கண்முன்னே விழுங்க வேண்டும் என்ற கட்டளை.

கசப்புக்கு அஞ்சித் துப்பினார்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் கொயினா தொடர்ந்து உண்டவருக்குக் காதில் ஓயாத இரைச்சல் கேட்கும், தலை சுற்றும், வயிறு குமட்டும். மருந்தின் இயல்பான விளைவு இது என்றும், அளவைக் குறைத்தால் தணியும் என்றும் வரிசையில் நின்றவருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. கேட்பதற்கு அவருக்கு உரிமையும் இல்லை. மருந்து ஒரு கட்டளையாக வந்தது, விளக்கமாக வரவில்லை.

டிரெசர் என்னும் பெருமகன்

தோட்டத்து மருத்துவமனை என்று சொன்னவுடன் நம் மூத்தோர் நினைவுக்கு வருபவர் டிரெசர். வெள்ளைக்கார மருத்துவர் பல தோட்டங்களுக்குப் பொதுவானவர். குறித்த நாளில் வந்து போவார். மற்ற நாள்களிலெல்லாம் புண்ணுக்குக் கட்டுப் போட்டவரும், காய்ச்சலுக்கு மருந்து கலக்கியவரும், பேறுகாலத்தில் வண்டிக்கு ஏற்பாடு செய்தவரும் டிரெசர்தாம். தமிழகத்தில் கம்பவுண்டர் என்று அழைக்கப்பட்டவர்க்கும் இவருக்கும் பணியில் ஒற்றுமை உண்டு. புட்டியில் வண்ணத் தண்ணீர் மருந்தை ஊற்றி, ஒரு வேளைக்கு எவ்வளவு என்பதற்குப் புட்டியின் மேல் காகிதத்தை வெட்டி ஒட்டிக் கொடுத்த தலைமுறை அது. எழுத்தறியாதவரும் அந்த வெட்டுகளைப் பார்த்து அளவறிந்தனர்.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு தோட்ட மருத்துவ வசதிகளை நிருவாகத்தின் கடமையாக்கியது. ஆயினும், டிரெசருக்கெனத் தனிப் பதிவுச் சட்டம் வருவதற்கு நாடு விடுதலை பெற்ற பின்னரும் எட்டாண்டுகள் ஆயின. 1965ஆம் ஆண்டுத் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டமே அது. அதுவரை நம் மக்கள் உண்ட மருந்துக்கு யார் பொறுப்பு என்பது பெரும்பாலும் அந்தந்த மனிதரின் நேர்மையையும் பட்டறிவையும் சார்ந்தே இருந்தது. நல்ல டிரெசர் வாய்த்த தோட்டம் பிழைத்தது. வாய்க்காத தோட்டத்தைப் பற்றிப் பாட்டிமார் இன்றும் கதை சொல்வர்.

டிரெசர்களைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஒருவரே நோயைக் கண்டறிந்து, மருந்தை முடிவு செய்து, கலக்கி, கொடுத்து, கணக்கும் எழுதிய ஏற்பாட்டில், பிழை நேர்ந்தால் அதைப் பிடித்து நிறுத்த இரண்டாவது கண் இல்லை என்பதே நான் சொல்ல வருவது. மருந்தாளுநர் என்பவர் அந்த இரண்டாவது கண்.

இரண்டு பணி, இரண்டு ஆள்

நோயைக் கண்டறிபவரும் மருந்தைச் செய்தளிப்பவரும் வெவ்வேறு ஆளாக இருத்தல் வேண்டும் என்னும் சிந்தனை புதியதன்று. ஐரோப்பாவில் சிசிலியை ஆண்ட இரண்டாம் பிரெடெரிக் பேரரசர் 1240ஆம் ஆண்டளவில் இதனை ஆணையாகவே பிறப்பித்தார். மருத்துவர் மருந்துக் கடையில் பங்கு கொள்ளலாகாது என்றும் அவ்வாணை விதித்தது. 1841இல் இலண்டனில் மருந்தாளுநர் சங்கம் தோன்றி, அடுத்த ஆண்டே தன் பள்ளியைத் திறந்தது. தென்கொரியா 2000ஆம் ஆண்டில்தான் இப்பிரிவினையைச் சட்டமாக்கியது. மருத்துவர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள்.

மலாயாவில் 1951ஆம் ஆண்டு மருந்தாளுநர் பதிவுச் சட்டமும், 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டமும் நிறைவேறின. யார் மருந்தாளுநர் என்பதை முதற்சட்டம் வரையறுத்தது. எம்மருந்தை யார் கையில் கொடுக்கலாம் என்பதை இரண்டாம் சட்டம் வரையறுத்தது. இவ்விரு சட்டங்களும் திருத்தங்களோடு இன்றும் நடப்பில் உள்ளன. எனினும், மருத்துவர் தம் நோயாளிக்குத் தாமே மருந்து தரலாம் என்ற விலக்கு நச்சுப்பொருள் சட்டத்தில் உண்டு. தனியார் கிளினிக்கில் மருத்துவரைக் கண்ட கையோடு அங்கேயே மருந்துப் பொட்டலத்தையும் பெற்று வருகிறோமே, அதற்கு இதுவே காரணம். முழுமையான பிரிவினை நம் நாட்டில் இன்னும் வரவில்லை.

பட்டம் வந்த பாதை

சட்டம் மருந்தாளுநரைக் கேட்டது. அவரை உருவாக்கும் கல்வி எங்கே?

இந்தியாவில் இதற்கு வழி திறந்தவர் பேராசிரியர் மகாதேவ லால் சராப். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 1932இல் மருந்து வேதியியலைப் பாடமாகத் தொடங்கி, 1937இல் அதனை மூன்றாண்டு மருந்தியல் பட்டமாக வளர்த்தார். அப்போது இந்தியாவில் மருந்துத் தரத்தை ஆராய்ந்த சோப்ரா குழு, கலப்பட மருந்துகள் தடையின்றிப் புழங்குவதை 1931இல் வெளிப்படுத்தியிருந்தது. அதன் தொடர்ச்சியாக 1940இல் மருந்துச் சட்டமும் 1948இல் மருந்தியல் சட்டமும் அங்கே வந்தன.

நம் பகுதியில் சிங்கப்பூர்தான் முதல் நிலையம். 1905இல் அங்கே தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளி, பின்னர் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1930களில் அக்கல்லூரியில் மருந்தியல் பட்டயக் கல்வி நடந்தது. 1949இல் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் உருவானபின், 1950களின் இறுதியில் அது பட்டக் கல்வியாக உயர்ந்தது.

1965இல் சிங்கப்பூர் பிரிந்ததும் மலேசியாவில் மருந்தியல் பட்டத்திற்கு இடமில்லாமற் போயிற்று. 1969இல் பினாங்கில் தோன்றிய அறிவியல் பல்கலைக்கழகம் (யூ.எஸ்.எம்.) 1972இல் மருந்தியல் புலத்தைத் தொடங்கியது. நாட்டின் முதல் மருந்தியல் புலம் அதுவே. 1990களின் நடுப்பகுதி வரையில் உள்நாட்டில் இத்துறைக்கு இருந்த ஒரே பல்கலைக்கழக வாயிலும் அதுதான். வசதியுள்ளோர் பிள்ளைகளை இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இந்தியாவுக்கும் அனுப்பினர். பால்வெட்டுக் கூலியில் வாழ்ந்த குடும்பத்துக்குப் பினாங்கே அயல்நாடுதான்.

‘கெபுஜியான்’ என்றால் என்ன?

பட்டத்தின் பெயரில் ‘இஜாசா சர்ஜானா மூடா பார்மாசி (கெபுஜியான்)’ என்று அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் வருவதைப் பெற்றோர் கண்டிருப்பீர்கள். எஸ்.பி.எம். தேர்வில் ‘கெபுஜியான்’ என்பது ஒரு பாடத்தில் பெற்ற நல்ல தேர்ச்சியைக் குறிக்கும். பட்டத்தில் வரும் ‘கெபுஜியான்’ வேறு. அது ஆங்கிலேயர் கல்விமுறை வழியாக வந்த ‘ஹானர்ஸ்’, அதாவது சிறப்புப் பட்டம். பொதுப் பட்டத்தைவிட ஒரு துறையில் ஆழமாகக் கற்று, இறுதியாண்டில் ஆய்வொன்றைத் தாமே செய்து ஆய்வேடு அளித்தவருக்கு உரியது. மலேசியாவில் மருந்தியல் சிறப்புப் பட்டத்திற்கு நான்கு ஆண்டுகள். புஜி என்னும் மலாய்ச்சொல்லும் நம் பூசை என்னும் சொல்லும் ஒரே வடமொழி வேரிலிருந்து பிறந்தவை என்பதை மாணவர்களிடம் சொல்லிப் பாருங்கள், மறக்கமாட்டார்கள்.

நான்காண்டுகள் என்னதான் படிக்கிறார்கள்? பெரட்டில் கொடுத்த அதே கொயினாவைக் கொண்டே விளக்குகிறேன்.

முதலாவது, மருந்து வேதியியல். கொயினா சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து வருவது. 1820இல் பெல்த்தியே, கவென்த்து என்னும் பாரிஸ் நகரத்தார் இருவர் பட்டையிலிருந்து கொயினாவைத் தனியே பிரித்தெடுத்தனர். அவ்விருவரும் மருத்துவர் அல்லர், மருந்தாளுநர்கள். அதற்கு முன்பு பட்டைக்குப் பட்டை வீரியம் மாறும். எவ்வளவு கொடுப்பது என்று எவருக்கும் உறுதியில்லை. பிரித்தெடுத்த பின்னரே அளவு என்பது பொருளுடையதாயிற்று. 1860இல் தென்னமெரிக்காவிலிருந்து கொணர்ந்த சிங்கோனாக் கன்றுகளை நீலகிரியில் நட்டு, நடுவட்டத்தில் அரசுக் கொயினா ஆலையும் அமைத்தார்கள் என்பது நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

இரண்டாவது, மருந்தாக்கத் தொழில்நுட்பம். கசப்பை எவ்வாறு மறைப்பது? மாத்திரை வயிற்றில் எப்போது கரைய வேண்டும்? நம் நாட்டின் ஈரப்பதத்தில் அது எத்தனை மாதம் கெடாதிருக்கும்? இவை இத்துறையின் வினாக்கள்.

மூன்றாவது, மருந்து உடலில் செயற்படும் முறை. காதிரைச்சல் ஏன் வருகிறது? சிறுபிள்ளைக்கு எவ்வளவு? கருவுற்ற பெண்ணுக்குக் கொடுக்கலாமா? ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ளவருக்குச் சில மலேரியா மருந்துகள் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். இதனை அறியாமல் எல்லாருக்கும் ஒரே அளவில் கொடுப்பது எத்துணை இடர் மிக்கது என்பதை இத்துறை கற்பிக்கிறது.

நான்காவது, நோயாளியை நேரே காணும் மருந்தகப் பணி. மருத்துவர் எழுதிய சீட்டைச் சரிபார்த்தல், உண்ணும் பிற மருந்துகளோடு மோதுமா என்று பார்த்தல், நோயாளிக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைத்தல். தோட்டத்துப் பெரட்டில் இல்லாமற்போனது இந்த நான்காவது கூறே.

கொயினாவின் கதை மற்றுமொன்றையும் கற்பிக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகக் கொயினாவின் பெரும்பகுதி சாவகத் தீவிலிருந்து வந்தது. 1942இல் ஜப்பானியர் சாவகத்தைக் கைப்பற்றியதும் நேச நாடுகளுக்கு அது அற்றுப்போயிற்று. ஜப்பானியர் ஆட்சியில் தோட்டங்களிலும் மருந்துக்குப் பஞ்சம். சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட நம் மக்கள் மலேரியாவாலும் காலராவாலும் மருந்தின்றி மடிந்தனர். 1934இலேயே ஜெர்மனியில் உருவாக்கப்பட்டிருந்த குளோரோகுயின் போருக்குப் பின்னர்தான் பரவலாகக் கிடைத்தது. மருந்து இருப்பதும், அது உரியவர் கைக்கு வந்து சேர்வதும் வெவ்வேறு. மருந்து வழங்கலைத் திட்டமிடுவதும் மருந்தாளுநரின் கல்வியில் அடங்கும்.

ஒரு சொட்டுப் பிழையின் விலை

இத்துணைக் கல்வி தேவைதானா என்று ஐயுறுவோருக்கு இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுவேன்.

1937இல் அமெரிக்காவில் சல்பனிலமைடு என்னும் மருந்தைக் குழந்தைகளும் எளிதில் உண்ணும் பொருட்டு நீர்ம வடிவில் விற்றனர். மருந்தில் குற்றமில்லை. அதனைக் கரைக்கப் பயன்படுத்திய டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நீர்மம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் குழந்தைகள் பலர். அடுத்த ஆண்டே அந்நாட்டில் கடுமையான மருந்துச் சட்டம் பிறந்தது.

இது பழங்கதை என்று கருதவேண்டா. 2025ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இருபது பேருக்குமேல் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். அதே டை எத்திலீன் கிளைக்கால்தான் அம்மருந்தில் இருந்தது. அது தயாரானது நம் தாய்த்தமிழகத்தின் காஞ்சிபுரம் மாவட்டத்தில். எண்பத்தெட்டு ஆண்டுகள் கடந்தும் அதே நஞ்சு, அதே வழியில், அதே வயதினரைக் கொன்றிருக்கிறது. மூலப்பொருளை ஆலையில் எவரேனும் ஒருவர் முறையாகச் சோதித்திருந்தால் அக்குழந்தைகள் இன்று பள்ளிக்குச் சென்றுகொண்டிருப்பர்.

நம் நாட்டில் 1984ஆம் ஆண்டு மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபின், விற்பனைக்கு வரும் ஒவ்வொரு மருந்தும் பதிவு பெறுதல் வேண்டும். பெட்டியில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் எண்ணைப் பாருங்கள். அதன் இறுதியில் ‘டி’ என்னும் எழுத்து இருந்தால் அது பாரம்பரிய மருந்து. எண்ணே இல்லையெனில் வாங்காதீர்கள். பாரம்பரிய மருந்து என்ற பெயரில் பதிவின்றி விற்கப்படும் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நலத்துறை அமைச்சு பன்முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மூட்டுவலி இரண்டே நாளில் பறந்தது என்றால் மகிழ்வதற்கு முன் ஐயுற வேண்டும்.

இன்று நம் வாயில்கள்

கோல சிலாங்கூர் மாவட்டத்திற்குள்ளேயே, பூஞ்சாக் ஆலாமில், மருந்தியல் புலம் ஒன்று இயங்கி வருகிறது. அது மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினுடையது. அதன் இளங்கலை இடங்கள் மலாய்க்காரருக்கும் ஏனைய பூமிபுத்திரா மாணவர்களுக்கும் உரியவை. ஆகவே, புக்கிட் ரோத்தான் தமிழ்ப்பிள்ளைக்கு மிக அருகிலுள்ள மருந்தியல் வகுப்பறை, அவன் அமர முடியாத வகுப்பறை. இதை மனக்கசப்போடு சொல்லவில்லை. பெற்றோர் உண்மை நிலையை அறிந்து திட்டமிட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நமக்குத் திறந்துள்ள வாயில்கள் பல. யூ.எஸ்.எம்., மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம் முதலிய அரசு நிறுவனங்களுக்கு எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேசன் வழியாகச் செல்லலாம். ம.இ.கா.வின் கல்விக் கரமான எம்.ஐ.இ.டி. முயற்சியால் 2001இல் தோன்றிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் கெடா, செமிலிங்கில் உள்ளது. அங்கும் மருந்தியல் சிறப்புப் பட்டம் உண்டு. தனியார் பல்கலைக்கழகங்கள் பிறவும் உள. எங்குச் சேர்ந்தாலும், அப்பட்டத்தை மலேசிய மருந்தியல் வாரியம் ஏற்றிருக்கிறதா என்பதைப் பணம் கட்டுமுன் வாரியத்தின் பட்டியலில் பார்த்துவிடுங்கள். ஏற்பில்லாத பட்டத்தைக் கொண்டு நேரே பதிவு பெற இயலாது.

பட்டம் பெற்றபின்னும் ஓராண்டுக் காலம் பயிற்சி மருந்தாளுநராகப் பணியாற்றிய பின்னரே முழுப்பதிவு கிடைக்கும். 2004 முதல் கட்டாயச் சேவையும் நடைமுறைக்கு வந்தது. அதன் கால அளவு பின்னர்க் குறைக்கப்பட்டது. 2016 இறுதியிலிருந்து அரசுப் பணிக்குப் புதியவர்கள் ஒப்பந்த அடிப்படையிலேயே எடுக்கப்பட்டு வந்துள்ளனர். ‘படித்தால் அரசு வேலை உறுதி’ என்ற பழைய கணக்கு இனிச் செல்லாது. பெரிய தொகையைக் கடன் வாங்கிப் படிக்க வைக்கும் பெற்றோர் இதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மருத்துவமனையும் சில்லறை மருந்தகமும் மட்டுமல்லாமல், மருந்து ஆலை, தரக்கட்டுப்பாடு, ஆய்வு, மருந்துச் சட்ட அமலாக்கம் எனப் பணிகள் பரந்து கிடக்கின்றன என்பதையும் அறிய வேண்டும்.

நாம் செய்யவேண்டியவை

2019ஆம் ஆண்டுத் தேசிய நல ஆய்வின்படி, மலேசிய இந்தியருள் வயதுவந்தோரில் நூற்றுக்கு 31 பேருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் சராசரி 18. அன்று நம்மைத் தோட்டத்தில் வீழ்த்தியது கொசு. இன்று வீழ்த்துவது சர்க்கரை. நம் வீட்டு முதியோர் காலையில் மூன்று, இரவில் நான்கு என்று வண்ண வண்ண மாத்திரைகளைத் தட்டில் கொட்டி வைத்து விழுங்குகின்றனர். எதற்கு எது என்று கேட்டால் “டாக்டர் கொடுத்தாரு, சாப்பிடுறேன்” என்பர். இன்சுலின் போட்டுக்கொண்டால் கண் போய்விடும் என்று அஞ்சி அதனைத் தவிர்ப்போரும் உளர். கட்டளைக்குப் பணிந்து விழுங்கும் வழக்கமும், அஞ்சித் துப்பிவிடும் வழக்கமும் பெரட்டோடு முடிந்துவிடவில்லை. விளக்கம் பெறும் உரிமை சட்டத்தால் வந்துவிட்டது. விளங்கும் மொழியில் அது வந்து சேர்கிறதா என்பதுதான் இன்றைய வினா. தோட்டத்துப் பாட்டிக்குத் தமிழில் “இதைச் சோற்றோடு சாப்பிடுங்கள் பாட்டி, வெறும் வயிற்றில் வேண்டாம்” என்று சொல்லும் மருந்தாளுநர் ஒருவர் நம் பள்ளியிலிருந்தே போக முடியும்.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: கரைசல், செறிவு, கொள்ளளவு, விகிதம் ஆகிய பாடங்களைக் கற்பிக்கும்போது மருந்துப் புட்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு கற்பியுங்கள். மில்லிலிட்டரும் மில்லிகிராமும் வெவ்வேறு என்பதை ஐந்தாம் ஆண்டிலேயே ஒரு பிள்ளை கைப்பட அளந்து அறிந்துகொண்டால், அப்பாடம் தேர்வைக் கடந்தும் உதவும். படிவம் நான்கில் வேதியியலையும் உயிரியலையும் கணிதத்தையும் விட்டுவிட்ட மாணவருக்கு இவ்வாயில் பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. எனவே, ஆறாம் ஆண்டு முடித்துச் செல்லும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இதனை நாமே முன்கூட்டிச் சொல்லி அனுப்புதல் வேண்டும்.

பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள்: இப்படிப்பை மருத்துவத்தின் எச்சமாக எண்ணிப் பிள்ளையிடம் பேசாதீர்கள். தன்மேல் திணிக்கப்பட்ட இரண்டாந்தரம் என்று கருதிப் படிப்பவர் ஒரு சுழியைக் கவனியாமல் விடக்கூடும். மருந்தில் ஒரு சுழி என்பது பத்து மடங்கு. தன் பணியை மதித்து விரும்பி ஏற்பவரே அந்தச் சுழியைப் பார்ப்பார்.

அடுத்த முறை மருந்தகத்திற்குச் செல்லும்போது உங்கள் பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மாத்திரை எதற்காக, எப்போது உண்ண வேண்டும், என்ன பக்கவிளைவு வரும் என்று முகப்பில் நிற்பவரைப் பிள்ளையே கேட்கட்டும். நம் பாட்டனார் வரிசையில் நின்று கேட்க முடியாமற்போன வினாக்கள் அவை.